நான் பிடித்துக் கொடுத்த வேன்

ஒரு பெண் ஓட்டிய பள்ளி வேனைப் பற்றிப் புகார் கொடுத்து, அதை நடுச்சாலையில் பிடிக்க வைத்தவன் நான். பழி அவருடைய சொந்த அண்ணன் மேல் விழுந்தது. அது விழுந்த நேரத்தில் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் அதன்பிறகு பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசவில்லை.

அப்போது நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன். ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் பொருளாதாரக் கட்டுரைகளும் எழுதிவந்தேன். எதை எழுதினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்பேன்: வாங்குபவருக்கு வேறு கடைக்குப் போகும் வழி இருக்கவேண்டும். அந்த வழியை அடைப்பவர் யாராக இருந்தாலும், அரசாக இருந்தாலும் வியாபாரியாக இருந்தாலும், அவர் ஏழையின் கையைக் கட்டுகிறார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நான் பிறந்தது பெக்கோக்குக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக்கு ஒரே கடை. அரிசியில் கல் இருந்தாலும் அந்த அரிசிதான். கடைக்காரர் ஏசினாலும் அந்தக் கடைதான். பிறகு பெக்கோக்கிலிருந்து ஒரு சீனர் சின்ன லாரியில் மீனும் காய்கறியும் அரிசியும் கொண்டுவந்து தொழிலாளர் லயத்து வீடுகளின் வாசலிலேயே விற்கத் தொடங்கினார். அடுத்த வாரம் கடைக்குப் போன என் அம்மாவை, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு லாரி வந்ததும் அம்மாவுக்கு மரியாதை வந்துவிட்டது. என் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு "வாங்கம்மா"விலிருந்து வந்ததுதான்.

அப்படிப்பட்ட நான் என் பள்ளியை மட்டும் அந்தத் தோட்டத்துக் கடையாகவே நடத்தினேன்.

எங்கள் வட்டாரத்தில் இரண்டு தமிழ்ப்பள்ளிகள். இடையில் ஒரு பெரிய கால்வாய், ஊரார் வாயில் 'லோங்காங்'. இருபக்கமும் வரிசை வரிசையாக வீடுகள் கொண்ட தாமான்கள். இரண்டு பள்ளிகளிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலுக்குப் போய்விடுவோம். ஆசிரியர் பணியிடங்கள் போகும். பிறகு பள்ளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஒருநாள் காலை, மற்றப் பள்ளியின் தலைமையாசிரியரும் நானும் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தோம். கால்வாய்க்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எனக்கு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவருக்கு. யாராவது மாற்றம் கேட்டு வந்தால் இடமில்லை என்று சொல்லிவிடுவது. பிள்ளைகளுக்காக நாமே அடித்துக்கொள்வது சமுதாயத்துக்கு அசிங்கம் என்று இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

ஏற்பாடு நிலைத்தது வேன்காரர்களால். எங்கள் வட்டாரத்தில் பெற்றோர் பாதிப்பேர் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். விடியும் முன்பே எல்லைப் பாலத்தைத் தாண்டப் புறப்பட்டுவிடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவது வேன்தான். வேன் எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அதுதான் பிள்ளையின் பள்ளி. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோரிடம் எந்த வேன்காரரின் எண்ணைக் கொடுப்பது என்பது எங்கள் கையில் இருந்தது. அதனால் வேன்காரர்களும் கால்வாயைத் தாண்டவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. பணம் எதுவும் கைமாறவில்லை. வியாபாரிகள் இப்படிச் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நானே கட்டுரை எழுதியிருக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். என் கட்டுரை வெளிவரும் காலையில் நான் பள்ளியில் இருப்பேன். சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் என் அறைக்கு வந்தார். சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டுபவர். கணவர் லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். மகள் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு.

"சார், என் மகளை லோங்காங்குக்கு அந்தாண்ட இருக்குற பள்ளிக்கு மாத்தணும்."

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"மூணாம் ஆண்டு வந்துட்டா, இன்னும் எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசிக்க முடியலை. அங்க குறைநீக்கல் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லித் தர்றாங்களாம்."

"நம்ம பள்ளியிலயும் குறைநீக்கல் டீச்சர் இருக்காங்களே."

"இருக்காங்க சார். நான் எப்ப வந்து கேட்டாலும் வேற கிளாஸுல ரிலீஃப்ல இருக்காங்க."

அது உண்மை. ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு நான் அனுப்புவது குறைநீக்கல் ஆசிரியரைத்தான். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள். அவர்களுடைய பெற்றோரும் சத்தம் போடமாட்டார்கள் என்பது என் கணக்கு.

அதைச் சொல்லாமல் நான் சொற்பொழிவுக்குப் போனேன். "நாமே நம்ம தமிழ்ப்பள்ளியை விட்டுட்டுப் போனா அப்புறம் யாரும்மா..."

"நான் எங்க சார் தமிழ்ப்பள்ளியை விட்டேன்? ஒரு தமிழ்ப்பள்ளியில இருந்து இன்னொரு தமிழ்ப்பள்ளிக்குத்தானே போறேன்."

என் மேசையில் அன்றைய நாளிதழ் விரித்தபடி கிடந்தது. அவர் அதை எட்டிப் பார்த்தார்.

"காலையில படிச்சேன் சார். டாக்சி பெர்மிட்டை எடுத்துடணும், யாரு எந்த வண்டியில வேணும்னாலும் ஏறலாம்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருந்துச்சு. டாக்சிக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

"டாக்சியும் பள்ளியும் ஒண்ணாம்மா?" என்று சிரித்தேன்.

"இல்ல சார். டாக்சி தப்பான இடத்துல விட்டா இறங்கி வேறதுல ஏறிக்கலாம். மூணாம் ஆண்டு போனா போனதுதான்."

அவர் போனபிறகு கொஞ்ச நேரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஏற்பாட்டின்படி இடமில்லை என்றார்கள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் போய்த் தலைமையாசிரியரின் அறை வாசலில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. வீட்டிலிருந்து நாசி லெமாக் கொண்டுவந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் உட்கார்ந்திருப்பாராம். கடைசியில் என் நண்பரான அந்தத் தலைமையாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்: "என்னால முடியலை சார். அந்த அம்மா நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேங்குறாங்க. இடம் குடுத்துட்டேன். ஆனா வேன் வராது, கவலைப்படாதீங்க."

வேன் வரவில்லைதான். இந்தப் பக்கத்து மூத்த வேன்காரர் அந்தத் தாயின் கூடப்பிறந்த அண்ணன். அவரே மறுத்துவிட்டார். "வேன்காரனுங்க போட்ட வரிசையை மீறினா நாளைக்கு ஒருத்தனும் என்கூட உக்காந்து தேத்தண்ணி குடிக்க மாட்டான்" என்றாராம்.

தங்கை அழவில்லை. சிங்கப்பூர் வேலையை விட்டார். மோட்டார் சைக்கிளை விற்றார். சேமிப்பைப் போட்டு ஒரு பழைய வேன் வாங்கினார். பள்ளி வாகனம் ஓட்டுவதற்கான பயிற்சிக்குப் போனார், பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தார். மகளைத் தானே கால்வாய் தாண்டிக் கொண்டுபோனார். ஒரு வாரம் போனதும் எதிர்வீட்டுக்காரர் தன் பையனையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு அடுத்த தெருவிலிருந்து இருவர். "எந்தப் பள்ளின்னாலும் சொல்லுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார் அவர். அப்படிச் சொன்ன வேன்காரர் எங்கள் வட்டாரத்தில் அதுவரை யாரும் இல்லை. என் பள்ளியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கழன்றார்கள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் என் பள்ளி வாசலிலேயே ஒருநாள் வாக்குவாதம் நடந்தது. நானும் மற்ற வேன்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பெர்மிட் கைக்கு வர்றதுக்குள்ள ஊர்ப் பிள்ளைங்களை ஏத்துறியே. ஒரு நாளைக்கு வசமா மாட்டப் போறே, பாரு."

"மாட்டினா நீ வந்து கைதட்டு, போ."

அந்த வாரமே நான் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாலைப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். வண்டி எண், போகும் சாலை, நேரம் எல்லாம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, பிள்ளைகளின் பாதுகாப்பில் அக்கறை உள்ள பொதுமக்களில் ஒருவன் என்றேன். சட்டப்படி என் புகாரில் தவறு இல்லை. வேனுக்குப் பெர்மிட் வரவில்லைதான். அதனால்தான் அந்தச் செயலை எனக்குள் இத்தனை நாள் நியாயப்படுத்த முடிந்தது. ஆனால் அந்த வேன் என் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்தால் நான் தொலைபேசியை எடுத்திருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம், என் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி, பேருந்து நிறுத்தத்துக்கு அருகே அதிகாரிகள் வேனை நிறுத்தினார்கள். பிள்ளைகள் சீருடையோடு, பையோடு சாலையோரத்தில் நின்றார்கள். மழை தூறத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த கட்டடம் என் பள்ளிதான் என்பதால் அங்கேயே அழைத்து வந்தார்கள். நான் மண்டபத்தைத் திறந்துவிட்டேன். சிற்றுண்டிச் சாலையில் சொல்லித் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கச் சொன்னேன். அந்தத் தாயின் மகள் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட பிறகு தாய் நனைந்தபடி வந்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப நன்றி சார். நான் உங்க பள்ளியை விட்டுப் போனவ. அப்படியிருந்தும் பிள்ளைங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சீங்களே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவர் அங்கேயே, என் முன்னால், கைத்தொலைபேசியில் அண்ணனை அழைத்தார். "நீதானே செஞ்சே? போன வாரம்தானே வாயால சொன்னே, வசமா மாட்டுவேன்னு! கைதட்டிக்க, நல்லாத் தட்டிக்க. இனிமே எனக்கு அண்ணனே இல்ல, போ!" அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை துண்டித்துவிட்டார். நான் காலித் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

பிறகு நடந்ததை நான் வியந்துதான் எழுத முடியும். வேன் திரும்பி வரவும் பெர்மிட் கிடைக்கவும் மாதங்கள் ஆயின. அதுவரை தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, அவரவர் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகளைக் கால்வாய் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஒரு பிள்ளைகூடத் திரும்பி என் பள்ளிக்கு வரவில்லை. நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் 'வாங்குபவர்' என்று ஒருவரைப் பற்றிப் பேசின. அந்த வாங்குபவர் எவ்வளவு பிடிவாதமானவர், தனக்குக் கிடைத்த ஒரு வழியை விடாமல் இருக்க என்னென்ன செய்வார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெர்மிட் வந்ததும் அந்தத் தாய் இன்னொன்று செய்தார். முதலாம் ஆண்டுப் பதிவு நடக்கும் மாதங்களில், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் பெற்றோரை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனார். இரண்டு தமிழ்ப்பள்ளி, ஒரு தேசியப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி. "நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்க, நீங்களே முடிவு பண்ணுங்க" என்பாராம். என் பள்ளிக்கும் வந்தார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். நூல்நிலையம் பூட்டியிருப்பதைப் பார்த்தார்கள். ஒரு தாய் கேட்டார்: "குறைநீக்கல் டீச்சரைப் பார்க்கலாமா சார்?" ஆசிரியர் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ரிலீஃபில் இருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பில் பாதி நாற்காலி காலி.

அப்போதுதான் நான் குறைநீக்கல் ஆசிரியரை ரிலீஃபுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். நூல்நிலையத்தைத் திறந்து வைத்தேன். மேலிடத்துச் சுற்றறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சொல்லியும் செய்யாததை, ஒரு வேன் நிறையத் தாய்மார்களின் மௌனத்துக்காகச் செய்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் குறைநீக்கல் வகுப்பிலிருந்த பிள்ளைகள் சிலர் கடைப் பலகைகளை வாசிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டும் அதே பிள்ளைகள்தான், அதே ஆசிரியர்தான். எனக்குப் பின் வந்த தலைமையாசிரியை இன்னும் நன்றாகச் செய்தார். கால்வாயின் அந்தப் பக்கத்திலிருந்து இப்போது பிள்ளைகள் இங்கே வருகிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக்கூடாது. பாலோ ஊர்ப் பக்கத்தில் வேறொரு நண்பர் தோட்டப்பள்ளி ஒன்றில் இருந்தார். அங்கே இரண்டாவது பள்ளியும் இல்லை, வேனும் இல்லை. தேர்ந்தெடுக்க எதுவுமில்லாத இடத்தில் தேர்வைப் பற்றிப் பேசுவது வீண். அங்கே அரசுதான் போகவேண்டும். ஆனால் வழி இருக்கும் இடத்தில் அதை அடைத்து வைத்தவன் நான். பாலோவைக் காட்டி நான் தப்பிக்க முடியாது.

இதற்கிடையே அண்ணனுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். தங்கையைக் காட்டிக் கொடுத்தவர் என்று தாமான் முழுவதும் பேச்சு. பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அவருடைய வேனிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். மற்ற வேன்காரர்கள் காலைக் கடையில் அவர் உட்கார்ந்த மேசையில் உட்காரவில்லை. வரிசையை மீறினால் தேத்தண்ணிக்கு ஆள் இருக்காது என்று பயந்தவர், வரிசையை மீறாமலேயே அதை இழந்தார். தம்போயில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார். நம்பிக்கை இழந்த வியாபாரியிடமிருந்து மக்கள் விலகுவார்கள் என்று நான் எழுதியது அப்படியே நடந்தது. ஆனால் மக்களுக்குக் கிடைத்த செய்தி பொய். அது பொய் என்று அவரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு தங்கையின் மகள் வயதுக்கு வந்தாள். கோயில் மண்டபத்தில் சடங்கு. என்னையும் அழைத்திருந்தார்கள், மழையில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவன் அல்லவா. தாய்மாமன் சீர்வரிசையைத் தூரத்து உறவினர் ஒருவர் கொண்டுவந்தார். மாமன் மாலையை அவர்தான் போட்டார். மண்டபத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில், அண்ணன் தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாவது முறையும் வாங்கினேன். அன்று இரவே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறைக் காலையில் தங்கையின் வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே ஏதோ சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் பேச்சுப் போட்டியாம். நான் நின்றபடியே சொன்னேன். புகார் கொடுத்தது அண்ணன் இல்லை, நான்.

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்களா?"

"நான்தாம்மா."

"நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேனே சார்."

"ஆமா."

"எங்கண்ணன் அன்னைக்குப் போன்ல, 'சாமி சத்தியமா நான் இல்ல பாப்பா'ன்னு கத்துனாரு. நான் கட் பண்ணிட்டேன்." கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தார். "வேனைப் புடிச்சதைக்கூட விடுறேன். பெர்மிட் இல்ல, தப்பு என் மேலதான். ஆனா எங்கண்ணனைத் திட்டுறதைப் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது என்ன சார் படிப்பு?"

நான் குனிந்து குழாயை மூடினேன்.

"ஏறுங்க வேன்ல" என்றார். "இதை நீங்க என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவர்கிட்ட வந்து சொல்லுங்க."

தம்போயில் அண்ணனின் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தவர் தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையைப் பார்த்துத்தான் பேசினார்.

"புகார் பண்ணது சார். நம்பினது நீ."

தங்கை தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தாண்ணே."

அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "என் தங்கச்சி மகளுக்கு மாமன் சீர் ஒரே ஒரு தடவைதான் சார். அதைத் திருப்பித் தருவீங்களா?"

முடியாது என்றேன். வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"ஊரே என்னைப் பேசுச்சு. ஊர்ல வந்து சொல்லுங்க."

பள்ளி திறந்ததும் ஒரு காலை, வேன்காரர்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கூடும் கடைக்குப் போனேன். தம்போயிலிருந்து வந்திருந்த அண்ணன் தனியாக ஒரு மேசையில் இருந்தார். தங்கை வேனை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். நான் உட்காராமல் நடந்ததைச் சொன்னேன்: கால்வாய் ஏற்பாடு யாருடையது, புகார் யாருடையது, மௌனம் யாருடையது. 

"அலமாக், சார்! அப்ப இத்தனை வருசமா இந்த மனுசனைத் தனியா உக்கார வெச்சது நம்ம முட்டாத்தனமா?" என்றார் ஒருவர்.

"உன் முட்டாத்தனம்னு சொல்லு. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார் இன்னொருவர்.

"நீ சந்தேகப்பட்டியா? நீதானடா முதல்ல கோப்பையைத் தூக்கிக்கிட்டு இந்த மேசைக்கு வந்தே!"

"சார் பெரிய படிப்புப் படிச்சவரு, அதான் போன்லயே வேலையை முடிச்சுட்டாரு. நம்மளா இருந்தா டயரைத்தான் குத்தியிருப்போம்."

சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. முதலில் பேசியவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "இன்னைக்கு எல்லாருக்கும் சார் பில்லுலா" என்று யாரோ கத்தினார்கள். நான் கட்டினேன், அது ஒன்றுதான் அன்று சுலபமாக இருந்தது.

அண்ணன் எழுந்து போகும்போது என் அருகே நின்றார். "டாக்சியைப் பத்தியெல்லாம் பேப்பர்ல எழுதுனீங்க. இதையும் எழுதுங்க."

எழுதினேன். பள்ளிகளின் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல், ஆனால் நான் செய்ததை நான் செய்ததாகவே எழுதினேன். தாராளச் சந்தையைப் பற்றி ஊருக்குச் சொன்ன ஒருவன், பிள்ளைகளை எப்படிக் கால்வாய் வைத்துப் பங்கு போட்டான் என்று. என் பழைய நண்பரான அந்தத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இதை இப்ப எதுக்கு சார் கிளறுறீங்க?" என்றார். அதன்பின் அழைக்கவில்லை. சிலர் தமிழ்ப்பள்ளிக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்றார்கள். தமிழ்ப்பள்ளி என்பது தலைமையாசிரியரின் எண்ணிக்கையா, அங்கே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளையா என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணன் தம்போய் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் தாமானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். இந்த முறை கால்வாயின் இரண்டு பக்கமும். என்னைக் கடையில் பார்த்தால் தலையசைப்பார், பேசமாட்டார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம்.

"சார், எங்கண்ணன் பண்ற அநியாயத்தைக் கேட்டீங்களா? வேன்ல புது ஏர்கோன் போட்டுக் குளுகுளுன்னு ஆக்கிட்டாரு. என்கிட்ட வந்துக்கிட்டிருந்த ரெட்டைப் பிள்ளைங்க இப்ப அவர் வேன்ல போகுதுங்க. கேட்டா, 'யாரு எதுல வேணும்னாலும் ஏறலாம்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே'ங்கிறாரு."

"நீங்க என்னம்மா செய்யப் போறீங்க?"

"என்ன செய்யுறது, நானும் போட வேண்டியதுதான். எங்க போட்டா நல்லா இருக்கும்னு அவர்கிட்டயே கேட்டேன். கடை நம்பர் குடுத்தாரு. நாளைக்கு அவரே கூட வர்றேன்னிருக்காரு, சார், நான் தனியாப் போனா கடைக்காரனுங்க ஏமாத்திருவானுங்களாம்."